ஜெனிசிஸை விட்டு வந்த பீட்டர் கேப்ரியல் முதல் ஆல்பத்தை எப்படிச் செய்தார்?

கேள்வி இது: “பல வருடம் ஒரே குழுவில் பாடிய ராக் பாடகர் தனியே வந்து போடும் முதல் ஆல்பத்தில் உண்மையில் என்ன நடக்கிறது? பீட்டர் கேப்ரியலின் 1977 ஆல்பத்தைக் கேட்டேன். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. தடுமாற்றமா, வேண்டுமென்றே செய்ததா?”

தடுமாற்றம்தான். அதை மறைக்காமல் வெளியிட்டதுதான் அந்த ஆல்பத்தின் பெருமை என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல, அவர் விட்டு வந்தது எதை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜெனிசிஸ், சம்பளத்துக்கு ஆள் சேர்த்து உருவான குழு இல்லை. இங்கிலாந்தின் காடல்மிங் ஊரில் உள்ள சார்ட்டர்ஹவுஸ் என்ற விடுதிப் பள்ளியில், 1967இல், பையன்கள் சேர்ந்து பாட்டு எழுதியதில் பிறந்தது. கேப்ரியல், டோனி பேங்க்ஸ், மைக் ரதர்ஃபோர்டு, ஆந்தனி ஃபிலிப்ஸ் நால்வரும் ஒரே பள்ளி. ஃபிலிப்ஸ் சீக்கிரமே விலகினார். 1970இல் டிரம்ஸுக்கு ஃபில் காலின்ஸ் வந்தார், அடுத்த ஆண்டு கிதாருக்கு ஸ்டீவ் ஹேக்கெட். 1975இல் விலகும்போது கேப்ரியலுக்கு வயது 25. அதாவது, மீசை முளைத்த நாள் முதல் அவர் இசை என்று செய்த எல்லாமே அந்த நண்பர்களோடு செய்ததுதான். பாட்டை யார் எழுதினாலும் ஐந்து பேர் பெயரும் போடுவது அங்கே வழக்கம். கேட்க அழகான ஏற்பாடு. ஆனால் எட்டு வருடம் அப்படி இருந்தவருக்கு, ஒரு மெட்டில் எந்த வளைவு தன்னுடையது, எது பேங்க்ஸின் விரலிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாமல் போகும்.

மேடையில் கதை வேறு. 1972இல் டப்ளினில், மனைவியின் சிவப்பு கவுனையும் ஒரு நரித்தலையையும் மாட்டிக்கொண்டு திடீரென்று மேடைக்கு வந்தார். குழுவினருக்கே முன்கூட்டிச் சொல்லவில்லை. மறு வாரம் இசைப் பத்திரிகைகளில் அந்தப் படம்தான். அதன் பிறகு பூ முகமூடி, வௌவால் சிறகு என்று வேடங்கள் வளர்ந்தன. கூட்டமும் வளர்ந்தது. கூடவே இன்னொன்றும் வளர்ந்தது: வெளியே இருந்தவர்கள் ஜெனிசிஸ் என்றாலே கேப்ரியல்தான் என்று எழுத ஆரம்பித்தார்கள். மணிக்கணக்காக உட்கார்ந்து இசையைக் கட்டிய மற்ற நால்வருக்கும் அது எப்படி இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பாடகர் ஒரு கூட்டுக் குடும்பத்தின் வாசலில் நிற்பவர் மாதிரி. தெருவில் போகிறவர்கள் வீடே அவருடையது என்று நினைத்துவிடுவார்கள்.

முறிவு 1974இன் இரட்டை ஆல்பத்தில் வந்தது. ‘தி லேம் லைஸ் டவுன் ஆன் பிராட்வே.’ ரதர்ஃபோர்டு ‘குட்டி இளவரசன்’ கதையை எடுத்துக்கொள்ளலாம் என்றார். கேப்ரியல் மறுத்தார். நியூயார்க் தெருக்களில் திரியும் புவெர்ட்டோ ரிக்கோ இளைஞன் ஒருவனின் கதையை அவரே புனைந்து, வரிகளையும் நானே எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் நால்வர் ஓர் அறையில் இசை அமைக்க, இவர் இன்னோர் அறையில் தனியே வரிகளோடு மல்லுக்கட்டினார். நடுவே ‘எக்சார்சிஸ்ட்’ இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கின், கேப்ரியல் எழுதிய ஒரு குட்டிக்கதையை ஓர் இசைத்தட்டின் பின்னட்டையில் படித்துவிட்டு, சேர்ந்து வேலை செய்யலாமா என்று கேட்டார். அதற்காகக் கேப்ரியல் குழுவை விட்டுக் கொஞ்ச நாள் போயே போனார். அந்தத் திட்டம் கைகூடாமல் திரும்பி வந்தார். கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது.

அதே 1974 ஜூலையில் அவருக்கு முதல் குழந்தை பிறந்தது. பிரசவம் சிக்கலானது; குழந்தை பிழைக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. லண்டன் மருத்துவமனைக்கும் வேல்ஸில் நடந்துகொண்டிருந்த ஒலிப்பதிவுக்கும் இடையே அவர் அலைந்தார். நண்பர்களுக்கு அப்போது அது புரியவில்லை. இருபத்து நான்கு வயதில், பிள்ளை இல்லாதவர்களுக்கு, ஆல்பம்தான் உலகம். பிற்காலத்தில் அதைப் பற்றி அவர்களே வருத்தத்தோடு பேசியிருக்கிறார்கள். பிரிவுக்குக் காரணம் கலை வேறுபாடு என்று புத்தகங்கள் எழுதும். இன்குபேட்டரில் கிடந்த ஒரு குழந்தையின் பக்கத்தில் ஓர் அப்பா எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வியும் அதில் பாதி.

1974 நவம்பரில், அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்கிய சில நாட்களிலேயே, கிளீவ்லாந்தில் வைத்துத் தான் விலகப் போவதாகக் குழுவிடம் சொன்னார். ஆனால் குழுவுக்கு லட்சக்கணக்கான பவுண்டு கடன். அதனால் ஒரு வார்த்தை வெளியே விடாமல், நூறு கச்சேரிக்கு மேல், அந்த நீண்ட கதையை இரவுக்கு இரவு முழுதாகப் பாடினார். கடைசிக் கச்சேரி 1975 மே மாதம் பிரான்சின் பெசான்சோனில். ஆகஸ்டில்தான் செய்தி வெளியானது. பத்திரிகைகளுக்கு அவரே ஒரு கடிதம் எழுதினார்.

அடுத்து நடந்தது முக்கியம். ஜெனிசிஸ் முடிந்தது என்று இசை உலகம் முடிவு கட்டியது. அவர்களோ நிறையப் பாடகர்களைப் பாட வைத்துப் பார்த்து, யாரும் ஒத்துவராமல், கடைசியில் டிரம்ஸ் வாசித்த ஃபில் காலின்ஸையே பாட வைத்தார்கள். 1976 பிப்ரவரியில் வந்த ‘எ டிரிக் ஆஃப் தி டெயில்’ பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 3ஆம் இடம் வரை போனது. கேப்ரியல் இருந்த கடைசி ஆல்பம் 10ஆம் இடத்தோடு நின்றிருந்தது. இதைக் கேப்ரியலின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் போனதும் வீடு இடிந்து விழும் என்று ஊர் சொன்னது. வீடு வெள்ளையடித்துப் புதிதாக நிற்கிறது. நீங்களோ இன்னும் ஒரு செங்கல் வைக்கவில்லை.

அந்த ஒன்றரை வருடம் அவர் பாத் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்தார். காய்கறித் தோட்டம் போட்டார். பியானோ கற்றார். குழந்தையோடு இருந்தார். மார்ட்டின் ஹால் என்ற கவிஞரோடு சேர்ந்து சில பாட்டு எழுதினார். அதில் ஒன்றை நகைச்சுவை நடிகர் சார்லி டிரேக் பாடி 1975 கடைசியில் சிங்கிளாக வெளிவந்தது. யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அந்த ஒலிப்பதிவில் ராபர்ட் ஃபிரிப் கிதார் வாசித்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கிங் கிரிம்சன் குழுவை 1974இல் கலைத்துவிட்டு அவரும் அப்போது ஒதுங்கி இருந்தவர். கூடு விட்ட இரண்டு பறவைகள்.

இங்கே ஜார்ஜ் ஹாரிசனை ஒப்பிட்டால் கேப்ரியலின் கஷ்டம் தெளிவாகும். பீட்டில்ஸ் முடிந்த 1970லேயே ஹாரிசன் மூன்று தட்டு கொண்ட ஆல்பம் போட்டார். குழுவில் இடம் கிடைக்காமல் வருடக்கணக்காகச் சேர்ந்த பாட்டுகள் அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தன. அவிழ்த்தால் போதும். கேப்ரியலிடம் அப்படி மூட்டை இல்லை. எழுதியதெல்லாம் குழுவுக்கே போய்விட்டது. அவர் தனியாக எழுதவே முதலில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அதனால்தான் அவர் எடுத்த முடிவை நான் இவ்வளவு மதிக்கிறேன். பழைய ஒலிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆங்கிலேய நண்பர்களைக் கூப்பிட்டிருந்தால், ஜெனிசிஸின் நிழலாக ஓர் ஆல்பம் சுலபமாக வந்திருக்கும், ரசிகர்களும் வாங்கியிருப்பார்கள். அவர் கூப்பிட்டது கனடாக்காரரான பாப் எஸ்ரினை. ஆலிஸ் கூப்பர், கிஸ் ஆகியோரின் பெரிய பெரிய ஆல்பங்களைத் தயாரித்தவர். பிறகு பிங்க் ஃபிளாய்டின் ‘தி வால்’ தயாரிப்பிலும் பங்கெடுத்தவர். எதையும் நாடக அளவுக்கு ஊதிப் பெருக்குவதில் கெட்டிக்காரர். 1976 இலையுதிர் காலத்தில் டொரொன்டோவில் ஒலிப்பதிவு தொடங்கியது. எஸ்ரின் தன் ஆட்களைக் கொண்டுவந்தார்: லூ ரீடுக்கும் ஆலிஸ் கூப்பருக்கும் வாசித்த ஸ்டீவ் ஹன்டரும் டிக் வாக்னரும் கிதாருக்கு, ஆலன் ஷ்வார்ட்ஸ்பெர்க் டிரம்ஸுக்கு, டோனி லெவின் பேஸுக்கு. கேப்ரியல் தன் பங்குக்கு அழைத்தது ராபர்ட் ஃபிரிப்பையும், சிந்தசைசர் வாசிக்கும் லேரி ஃபாஸ்டையும்.

லெவின், ஷ்வார்ட்ஸ்பெர்க் போன்றவர்கள் ஸ்டுடியோவில் கூலிக்கு வாசிக்கும் தேர்ந்த கைகள். காலையில் ஒருவருக்கு, மாலையில் இன்னொருவருக்கு. ஒரு பாட்டை ஆறு வாரம் விவாதிக்க மாட்டார்கள். இரண்டு முறை கேட்பார்கள், மூன்றாவது முறை பதிவு. எட்டு வருடம் ஒவ்வொரு சுரத்துக்கும் நாலு பேரின் சம்மதம் கேட்டுப் பழகியவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! விடுதலை. கூடவே பயமும். “இது வேண்டாம்” என்று சொல்ல இனி யாரும் இல்லை. சொல்ல வேண்டியவர் அவரே.

இப்போது பாட்டுகளுக்கு வருவோம். ஒன்பதில் எல்லாவற்றையும் பற்றிச் சொல்லப் போவதில்லை. முதல் பாட்டான ‘மோரிபண்ட் தி பர்கர்மைஸ்டர்’ ஜெனிசிஸுக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறது. பாத்திரங்கள், குரல் மாற்றங்கள், வேடம். வாசல் வரை வந்து பழைய வீட்டைத் திரும்பிப் பார்ப்பது போல. இரண்டாவது பாட்டில் வெளியே வந்துவிடுகிறார்.

‘சோல்ஸ்பரி ஹில்.’ பாத் நகரத்தை ஒட்டிய பாதீஸ்டனுக்கு மேலே, லிட்டில் சோல்ஸ்பரி என்று ஒரு குன்று உண்டு. 191 மீட்டர் உயரம், உச்சி தட்டையாக இருக்கும். இரும்புக் காலத்தில் கோட்டையாக இருந்த இடம். அங்கே ஏறி நின்று கீழே நகரத்தின் விளக்குகளைப் பார்க்கும் ஒருவனுக்கு ஓர் அழைப்பு கேட்கிறது. பாட்டு அதைத்தான் சொல்கிறது. குழுவைப் பெயர் சொல்லித் திட்டவில்லை, தன்னை நியாயப்படுத்தவும் இல்லை. ஓர் இயந்திரத்தின் பாகமாகிக்கொண்டிருந்தேன், வெளியே நடந்தேன் என்ற அளவில் நிற்கிறது. பிரிவைப் பற்றி எழுதப்பட்ட ராக் பாட்டுகளில் இத்தனை கசப்பில்லாத இன்னொன்றை நான் கேட்டதில்லை.

அதன் தாளத்தைக் கவனித்தீர்களா? பாட்டு ஏறக்குறைய முழுக்க ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது. நம் காதுக்கு மிஸ்ர சாபு பழக்கம். தகிட தகதிமி என்று மூன்றும் நான்குமாக உடைத்துத் தட்டுவோம். இங்கே அந்த உடைப்பு காதில் விழாதபடி ஒவ்வொரு எண்ணிக்கையிலும் சமமாக ஒரு அடி, நடக்கிறவனின் காலடி மாதிரி. எட்டாவது அடி விழ வேண்டிய இடத்தில் அடுத்த சுற்றின் முதல் அடி விழுந்துவிடுகிறது. மலை ஏறும்போது மூச்சு விடுவதற்குள் அடுத்த படி வந்துவிடுமே, அப்படி. ஜெனிசிஸும் ஒற்றைப்படைத் தாளங்களில் வாசித்த குழுதான். ஆனால் அங்கே அது வித்தையாக வெளியே தெரியும். இந்தப் பாட்டைக் கூடவே பாடுகிற லட்சம் பேரில் பெரும்பாலோருக்கு ஏழு என்றே தெரியாது. ஸ்டீவ் ஹன்டரின் அகவுஸ்டிக் கிதார் தொடக்கத்திலிருந்து அதைத் தூக்கிச் செல்கிறது. எஸ்ரின் இந்த ஒன்றில் மட்டும் ஊதாமல் விட்டார். பிரிட்டனில் 13ஆம் இடம். முதல் சிங்கிளிலேயே ஒரு மனிதர் தன் குரலைக் கண்டுகொண்ட இடம் இது.

மற்றவற்றில் அவர் தேடிக்கொண்டே இருக்கிறார். ‘எக்ஸ்க்யூஸ் மீ’ நாவிதர் கடை நால்வர் பாட்டு என்று அமெரிக்காவில் சொல்லும் வகை, வாத்தியமில்லாமல் நாலு குரல் சேர்ந்து பாடித் தொடங்குவது. லெவின் அதில் டியூபாவும் ஊதுகிறார். ‘வெயிட்டிங் ஃபார் தி பிக் ஒன்’ இரவு விடுதி புளூஸ், அளவுக்கு மேல் நீளம். ‘மாடர்ன் லவ்’ நேரடியான ராக். ‘டவுன் தி டோல்ச்சே வீட்டா’வில் லண்டன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவே வந்து இறங்குகிறது. ‘ஹம்ட்ரம்’ என்னும் சின்னப் பாட்டை யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அது ஆல்பத்தின் இரண்டாவது நல்ல இடம். மெல்லத் தொடங்கி, கடைசி ஒரு நிமிடத்தில் திறந்துகொள்கிறது. உடை வாங்கப் போனவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது போல அவர் பாணிகளைப் போட்டுப் பார்க்கிறார். சில தோளில் தொங்குகின்றன. சில பிடிக்கின்றன.

உண்மையான தோல்வி என்று நான் சொல்வது கடைசிப் பாட்டை: ‘ஹியர் கம்ஸ் தி ஃபிளட்.’ மனத்துக்கும் மனத்துக்கும் இடையே உள்ள கரைகள் உடைந்து எண்ணங்கள் வெள்ளமாகப் பாய்ந்தால் என்ன ஆகும் என்ற அச்சத்தில் எழுந்த பாட்டு. உள்ளுக்குள் அது ஒரு பிரார்த்தனை. எஸ்ரின் அதற்கு ஆர்க்கெஸ்ட்ரா, மின்கிதார், அலையடிக்கும் டிரம்ஸ் எல்லாம் சேர்த்தார். பாடுகிறவர் மூழ்கிப்போனார். கேப்ரியலே பிறகு அதை அளவு மீறிய தயாரிப்பு என்று கருதினார். தனியே வந்தவர்களுக்கு வரும் ஆபத்து இதுதான்: நாலு நண்பர்களின் சத்தத்திலிருந்து தப்பி, ஒரு தயாரிப்பாளரின் சத்தத்துக்குள் போய்விடுவது. கூட வாசிக்க நாலு பேர் இல்லாத வெறுமை பாடகருக்குக் கூச்சம் தருகிறது. அந்த வெறுமையை நிரப்ப எவராவது முன்வந்தால் சரி என்று விட்டுவிடுகிறார்.

ஆல்பம் 1977 பிப்ரவரி 25இல் வந்தது. பிரிட்டனில் 7ஆம் இடம். தலைப்பு வைக்கவில்லை, பெயர் மட்டும். அடுத்த மூன்று ஆல்பங்களுக்கும் அதே பெயர்தான், ஒரு பத்திரிகையின் அடுத்தடுத்த இதழ்கள் போல இருக்கட்டும் என்று. அதனால் ரசிகர்கள் அட்டைப் படத்தை வைத்து இதைக் ‘கார்’ என்று அழைக்கிறார்கள். ஹிப்னாசிஸ் நிறுவனம் எடுத்த அந்தப் படத்தில், மழைத்துளி மொய்த்த கார் கண்ணாடிக்குப் பின்னால் கேப்ரியல் தலை சாய்த்து இருக்கிறார். நரித்தலையும் பூ முகமூடியும் போட்டவர் தன் பெயரில் முதல் முறையாக வெளிவரும்போது, முகம் இருக்கிறது, ஆனால் இடையில் ஈரக் கண்ணாடி. அந்தச் சமயத்தில் அவர் நின்ற இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான படம் இருக்க முடியாது.

மார்ச்சில் அமெரிக்காவில் கச்சேரிகள் தொடங்கின. வேடம் எதுவும் இல்லை, சாதாரண உடை. ஃபிரிப்போ மேடையின் ஓரத்தில், ரசிகர் கண்ணில் படாத இடத்தில் அமர்ந்து, டஸ்டி ரோட்ஸ் என்ற பொய்ப் பெயரில் வாசித்தார். ஜெனிசிஸ் காலத்துப் பாட்டு ஒன்றையும் கேப்ரியல் பாடினார், அந்த 1974 ஆல்பத்திலிருந்து. அதை வெறுத்து ஒதுக்காதது எனக்குப் பிடிக்கும்.

டொரொன்டோவில் அந்நியர்களை நம்பியதன் பலன் பின்னால்தான் தெரிந்தது. அன்று கூலிக்கு வந்த டோனி லெவின் அதன் பிறகு பல பத்தாண்டுகள் அவரோடு வாசித்தார். அங்கே லெவினைச் சந்தித்த ஃபிரிப், 1981இல் கிங் கிரிம்சனை மீண்டும் தொடங்கியபோது லெவினைச் சேர்த்துக்கொண்டார். இரண்டாவது கேப்ரியல் ஆல்பத்தை ஃபிரிப் தயாரித்தார், 1978இல். எஸ்ரினின் பெருமுழக்கத்துக்கு நேர் எதிராக வறண்ட ஒலி. 1980இல் வந்த மூன்றாவதில்தான் எல்லாம் கூடி வந்தது. டிரம்ஸில் சிம்பல் என்ற உலோகத் தட்டே கூடாது என்று கட்டளை போட்டார். சில பாட்டுகளுக்கு வாசிக்க வந்தவர் யார்? ஃபில் காலின்ஸ். ஐந்து வருடத்துக்கு முன் விட்டு வந்த நண்பர், இப்போது விருந்தாளியாக. ஒலிப்பொறியாளர் ஹியூ பேட்ஹமும் காலின்ஸும் அங்கே கண்ட, சட்டென்று வெட்டி நிற்கும் டிரம்ஸ் ஒலி 80களின் ராக் இசை முழுவதையும் பிடித்துக்கொண்டது. ஆல்பத்துக்கு பிரிட்டனில் முதலிடம்.

அந்நியரைக் கூப்பிடும் அதே பழக்கம்தான் அவரை 1982இல் வோமாட் உலக இசை விழா வரை கொண்டுபோனது. விழா பெரும் நஷ்டத்தில் முடிந்தது. கடனை அடைக்க அந்த அக்டோபரில் மில்டன் கீன்ஸில் ஜெனிசிஸ் நண்பர்கள் அவரோடு மேடையேறி, கொட்டும் மழையில் பழைய பாட்டுகளை வாசித்துக் கொடுத்தார்கள். 1975இல் அவர் கசப்பில்லாமல் பிரிந்ததற்குக் கிடைத்த வட்டி என்று அதைச் சொல்வேன். 1989இல் வந்த கேப்ரியலின் ‘பேஷன்’ இசைத்தட்டில், யாழ்ப்பாணத்தில் சங்கீதம் கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் மகனும் சென்னையில் பிறந்தவருமான எல். சங்கரின் இரட்டை வயலின் ஒலிக்கிறது. நம்மவர் ஒருவரின் வில் அங்கே போய்ச் சேர்ந்த பாதை டொரொன்டோ வழியாகத்தான் போகிறது.

உங்கள் கேள்விக்குத் திரும்பி, ஒரு யோசனை. ஆல்பத்தை முதலிலிருந்து மறுபடி கேட்க வேண்டாம். ‘ஹியர் கம்ஸ் தி ஃபிளட்’ பாட்டை மட்டும் மூன்று பதிவுகளில் வரிசையாகக் கேளுங்கள். முதலில் 1977இன் எஸ்ரின் பதிவு. அடுத்து, ஃபிரிப்பின் 1979 ஆல்பம் ‘எக்ஸ்போஷர்’இல் உள்ளது, ஆர்க்கெஸ்ட்ரா போய்விட்டது, பியானோவும் குரலும், பின்னால் ஃபிரிப்பின் கிதார் புகை போல. பிறகு, 1990இல் ‘ஷேக்கிங் தி ட்ரீ’ தொகுப்புக்காக அவரே மறுபடி பாடியது. அதில் ஒரு பியானோ, ஒரு குரல், வேறொன்றும் இல்லை. இந்த மூன்றுக்கும் இடையே பதிமூன்று வருடம். குழுவை விட்டு வந்தவர் தனியாக நிற்கக் கற்றுக்கொள்ள அவ்வளவு காலம் பிடித்தது என்பதை உங்கள் காதே சொல்லும்.